சத்தம் ஜோரா கீதும்மா

என் மாவு மிஷின் சத்தத்தைப் பற்றி என்னிடம் வந்து பேசியவர்கள் எல்லோரும் திட்டுவதற்குத்தான் வந்தார்கள். எதிர்வீட்டு வாத்தியார் திட்டினார். பின்வீட்டில் பிரசவத்துக்கு வந்திருந்த பெண், குழந்தையையும் தூக்கிக்கொண்டு வந்து திட்டினாள். என் வீட்டுக்காரர்கூடத் திட்டுவார், அந்த மிஷின் அரைத்த மாவில் சுட்ட சப்பாத்தியைத் தின்றுகொண்டே. பாராட்டிப் பேசிய ஒரே மனிதர் பக்கத்து இரும்புக்கடை பாய்தான்.

“மிஷின்காரம்மா, இன்னிக்கு சத்தம் ஜோரா கீதும்மா,” என்பார். நான் ஏதோ கச்சேரி பாடி முடித்து எழுந்த மாதிரி இருக்கும். முதல் தடவை கேலி செய்கிறார் என்று நினைத்து, “ஏன் பாய், உங்க கடையில ஆணி விக்கலியா? என்னாண்ட வந்து குத்துறீங்க?” என்று கேட்டுவிட்டேன். முகத்தைப் பார்த்தால் கேலி இல்லை. மனிதர் நிஜமாகவே சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தார்.

உத்திரமேரூர் பஜாரில் என் மிஷினுக்கும் அவர் கடைக்கும் நடுவில் ஒரே சுவர். கடையின் முன்பக்கம் கயிறு, வாளி, மண்வெட்டி, மோட்டார் சாமான். பின்பக்கம் ஒரு சின்ன அறை, அறை நிறைய ரேடியோ. பாட்டுக் கேட்கிற ரேடியோ இல்லை, பேசுகிற ரேடியோ. ஹாம் ரேடியோ என்பார்கள். சர்க்காரில் பரீட்சை எழுதி லைசென்ஸ் வாங்கிவிட்டால் உட்கார்ந்த இடத்திலிருந்து ஊர் ஊராகப் பேசலாம். செல்போன் இருக்கும்போது எதற்கு இந்தக் கஷ்டம் என்று ஒரு தடவை கேட்டேன். “செல்லுல பேசினா குரல் வந்துடுது. அதுல இன்னா கீது?” என்றார். குரல் வராமல் இருப்பதில்தான் ருசி என்று நினைக்கிற ஆளிடம் மேற்கொண்டு என்ன பேசுவது?

கைலியும் அரைக்கைச் சட்டையும்தான் எப்போதும். ஹெட்போன் உட்கார்ந்து உட்கார்ந்து, நரைத்த முடியில் ஒரு காதிலிருந்து இன்னொரு காதுக்கு வரப்பு மாதிரி ஒரு கோடு விழுந்திருந்தது. வெள்ளிக்கிழமை தொப்பி போட்டால்தான் அது மறையும்.

அவரிடம் ஒரு வியாதி இருந்தது. எதையும் வாய் திறந்து கேட்க மாட்டார். ‘வேணும்’ என்ற சொல்லை அந்த வாயிலிருந்து நான் கேட்டதே கிடையாது. டீ வேண்டுமென்றால் மனைவியிடம், “இன்னிக்கு காத்து ஒரு மாதிரி அடிக்குது,” என்பார். அந்த அம்மாவும் டீயைப் போட்டு எடுத்துவரும். காற்றுக்கும் டீக்கும் என்ன சம்பந்தம் என்று அந்த வீட்டில் யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை.

எங்கள் கொல்லையில் உயரமாக ஒரு வேப்பமரம் உண்டு. அவருடைய ஏரியல் கம்பியின் ஒரு நுனியைக் கட்ட அதைவிட நல்ல இடம் அந்தத் தெருவில் இல்லை. கேட்டிருந்தால் ஒரு நிமிஷத்தில் சரி என்றிருப்பேன். அவர் கேட்கவில்லை. தினமும் வந்து மரத்தடியில் நின்று அண்ணாந்து பார்ப்பார். “நல்ல மரம்.” மறுநாள், “எவ்ளோ ஒசரமா வளந்துக்கீது பாரேன்.” அதற்கு மறுநாள், “காத்துக்கு ஆடாத மரம்மா இது.” பெண் பார்க்க வந்தவர்கூட இவ்வளவு புகழ்ந்திருக்க மாட்டார். எனக்குப் பொறுக்கவில்லை. “கம்பிய கட்டிக்கோங்க பாய், மரத்துக்குக் கண்ணு பட்டுடப்போவுது,” என்றேன். அவர் கையில் கயிறு அப்போதே தயாராக இருந்தது. ஆனாலும், “நான் கேக்கலியே,” என்று சொல்லிவிட்டுத்தான் ஏறினார்.

என் மிஷின் சத்தத்தின் மேல் அவருக்கு ஏன் அத்தனை காதல் என்பது பிறகுதான் விளங்கியது. சுவரைத் தாண்டிக் காதில் விழுகிற சத்தம் இல்லையாம் அது. மிஷினில் ஓடுவது பழைய பட்டைப் பெல்ட். சுற்றச் சுற்ற உரசி, அதில் மின்சாரம் சேருகிறது. சேர்ந்தது அவ்வப்போது கண்ணுக்குத் தெரியாத பொறியாகத் தட்டுகிறது. ஒவ்வொரு பொறியும் அவர் ரேடியோவில் ‘டக்’ என்று விழும். பெல்ட் சுற்றுகிற வேகத்துக்கு டக், டக், டக், டக் என்று ஒரே சீராக. மற்ற ரேடியோக்காரர்கள் இந்தச் சத்தத்துக்குப் பயந்து ஊருக்கு வெளியே வீடு கட்டிக்கொண்டு போவார்களாம். இவரோ ஹெட்போனை மாட்டிக்கொண்டு ரசிக்கிறார்.

இந்தச் சத்தத்தை அமுக்குவதற்கென்றே ரேடியோவில் ஒரு பட்டன் இருக்கிறது. மேலே என்.பி. என்று எழுதியிருக்கும். அது எப்படி வேலை செய்கிறது என்று ஒருநாள் எனக்குப் பாடம் எடுத்தார். மிளகாய் அரைத்துக்கொண்டிருந்தேன், இரண்டு பேர் கண்ணிலும் தண்ணீர்.

“நீ கண்ண சிமிட்டற. அந்த நேரம் ஒலகமே இருட்டுதான? உனுக்குத் தெரியுதா?”

“இல்ல.”

“அதான் விஷயம். டக்குனு சத்தம் வர்ற நேரத்துக்கு மட்டும் ரேடியோ காத மூடிக்கும். ஒடனே தொறந்துக்கும். மூடினதே உனுக்குத் தெரியாது. பேசறவன் குரல் பாட்டுக்கு வந்துக்கினு இருக்கும்.”

“என் மாமியாருக்கு இப்டி ஒரு பட்டன் கீதா பாய்?”

“எனுக்குக் கீது,” என்றார். பொய் இல்லை. கடையில் யாராவது வந்து விலை அதிகம் என்று கத்தினால் பாய் ஒரு நொடி கண்ணை மூடித் திறப்பார். கத்தல் எங்கோ போய்விடும். விட்ட இடத்திலிருந்து கயிற்றை அளப்பார்.

எல்லா ரேடியோவிலும் அந்தப் பட்டன் ஒழுங்காக வேலை செய்வதில்லை. ஒழுங்காகச் செய்கிறதா என்று பார்க்க வேண்டுமானால் ஒழுங்கான சத்தம் வேண்டும். அங்கேதான் என் மிஷினின் பெருமை வருகிறது. சேலத்திலிருந்தும் கோயம்புத்தூரிலிருந்தும் ஆட்கள் தங்கள் ரேடியோவைப் பார்சலில் அனுப்பி வைப்பார்கள், உத்திரமேரூரில் ஒரு மாவு மிஷினுக்குப் பக்கத்தில் வைத்துச் சோதித்துச் சொல்லும்படி. என் மிஷினின் புகழ் எங்கெங்கோ பரவியிருக்க, என் சொந்த நாத்தனார் மாவு அரைக்க அடுத்த தெருவுக்குப் போய்க்கொண்டிருந்தாள்.

சோதனை இப்படி நடக்கும். ஒரு சின்னப் பெட்டியிலிருந்து ‘கீ’ என்று மெல்லிசாக ஒரு ஓசையை ரேடியோவுக்குள் விடுவார். நான் மிஷினைப் போட்டுவிட்டு அவர் அறைக்கு ஓட வேண்டும். அங்கே டக்டக்கும் கீயும் சேர்ந்து கேட்கும். பட்டனை அமுக்க வேண்டும். டக்டக் செத்து, கீ மட்டும் பிழைத்திருந்தால் அந்த ரேடியோ பாஸ். இரண்டும் செத்தாலும் பெயில், இரண்டும் பிழைத்தாலும் பெயில். பட்டனை அமுக்குவதும் தீர்ப்புச் சொல்வதும் என் வேலை. “உன் மிஷின் சத்தம் உனுக்குத்தான் நல்லாத் தெரியும்,” என்பார். மாவு வாங்க வந்தவர்கள் ஓடுகிற மிஷினுக்கு முன்னால் டப்பாவை வைத்துக்கொண்டு நிற்பார்கள். நானோ பக்கத்துக் கடையில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஜட்ஜாக உட்கார்ந்திருப்பேன்.

சில ரேடியோக்களை என் மிஷினே தோற்கடித்துவிடும். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு.

ஒரு தடவை ஏனாத்தூர் பக்கம் படிக்கிற ஒரு பையன் தன் ரேடியோவை எடுத்துக்கொண்டு வந்தான். தெருமுனையில் நின்று அவன் பேச, அறைக்குள் நாங்கள் கேட்டோம். பட்டன் போட்டிருந்ததால் அவன் பேச்சு பேச்சாகவே வரவில்லை. கர்புர்ரென்று துண்டு துண்டாக விழுந்தது. ரேடியோ கெட்டுவிட்டது என்று நான் பதறினேன். பாய் சிரித்தார்.

“கெடல. ரொம்பக் கிட்ட வந்து பேசறான் இல்ல? இவ்ளோ பலமா வந்தா இந்தப் பட்டனுக்கு எது சத்தம், எது ஆளுன்னு தெரியாது. ஆளையும் சத்தம்னு நெனச்சிக் கத்திரிச்சிப் போட்டுரும்.” பட்டனை அணைத்துவிட்டார். பையன் பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி கேட்டான்.

மழைக்காலம் வந்தால் ஊரே சந்தோஷப்படும். பெரிய ஏரி நிரம்புகிறதா என்று ஆளாளுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வருவார்கள். பாய் மட்டும் இழவு விழுந்த வீட்டுக்காரர் மாதிரி கல்லாவில் உட்கார்ந்திருப்பார். ஈரக்காற்றில் பெல்ட்டில் பொறி சேராது. “சத்தமே இல்லியேம்மா,” என்று எட்டிப் பார்ப்பார். மிஷின் காது கிழிய ஓடிக்கொண்டிருக்கும். மாசி பங்குனியில் மிளகாய் காய்ந்து வந்து விழும்போதுதான் மனிதர் முகத்தில் களை வரும்.

ஒரு வருஷம் என் வீட்டுக்காரர் பழைய பெல்ட்டைக் கழற்றிவிட்டுப் புது மாதிரி பெல்ட் மாட்டினார். பொறி நின்றுபோனது. பாய் வந்தார். ஒன்றும் கேட்கவில்லை. மூலையில் சுருட்டிப் போட்டிருந்த பழைய பெல்ட்டைப் பார்த்தார். “பாவம், ஒழைச்ச பெல்ட்டு,” என்றார். மறுநாளும் வந்து பார்த்தார். துக்கம் விசாரிக்க வந்தவர் மாதிரி உள்ளங்கையால் அதைத் தடவினார். அந்த வாரக் கடைசியில், புதுப் பெல்ட் வழுக்குகிறது என்று என் வீட்டுக்காரரிடம் சண்டை போட்டுப் பழையதையே மாட்ட வைத்தேன். டக்டக் திரும்பி வந்ததும் பாய் கடையிலிருந்தே குரல் கொடுத்தார், “நான் கேக்கலியே!”

இவ்வளவும் சோதனைப் பைத்தியம் என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு விஷயம் மட்டும் உறுத்தியது. பார்சலில் வந்த ரேடியோக்களைச் சோதிப்பதெல்லாம் மத்தியானம். காலையிலோ அவருடைய சொந்த ரேடியோ மட்டும்தான். நான் மிஷினைப் போடுகிற அதே நேரத்துக்குப் பாய் அறைக்குள் போய் உட்காருவார். காலையில் தமிழ்நாடு முழுக்க இருக்கிற ரேடியோக்காரர்கள் ஒரே அலைவரிசையில் கூடுவார்கள். ஒவ்வொருவராக வணக்கம் சொல்வார்கள். யார் குரல் எப்படிக் கேட்கிறது என்று இரண்டு எண்களில் பதில் வரும். தெளிவுக்கு ஒரு எண், பலத்துக்கு ஒரு எண். தெளிவு ஐந்து வரைக்கும், பலம் ஒன்பது வரைக்கும். ஐஞ்சு ஒம்போது என்றால் அதற்கு மேல் பாராட்டே இல்லை. பாய் இப்படி எண்களாகக் கத்துவதைக் கேட்டு, தெருவில் பாதிப் பேர் அவர் ரேடியோவில் சீட்டு ஏலம் எடுக்கிறார் என்றே நம்பினார்கள்.

அந்தக் கூட்டத்தில் தென்காசிப் பக்கத்திலிருந்து ஒரு குரல் வரும். இளைத்த குரல், தண்ணீருக்கு அடியிலிருந்து பேசுவது போல. அந்தக் குரல் வரும்போது மட்டும் பாய் ஹெட்போனை இரண்டு கையாலும் காதோடு அமுக்கிக்கொள்வார். பட்டனைத் திருகுவார், அமுக்குவார், மறுபடி திருகுவார். பிறகு மைக்கை எடுத்து ரொம்ப மரியாதையாக, “உங்க சிக்னல் ஐஞ்சு மூணு, ஓ.எம். நல்லாக் கேக்குது. நன்றி,” என்பார். ஓ.எம். என்றால் கிழவரே என்று அர்த்தமாம். ரேடியோக்காரர்கள் ஒருத்தரையொருத்தர் அப்படித்தான் கூப்பிடுவார்களாம். சொன்னது கேட்டது என்பதற்கு ‘ரோஜர்’ என்பார்களாம்.

“யாரு பாய் அந்தக் கெழவரு?” என்று கேட்டேன்.

“ஒரு ஸ்டேஷன்,” என்றார்.

உண்மையை உடைத்தது அவர் மனைவி. நோன்புக் கஞ்சி கொண்டுவந்த தூக்கை என் கையில் கொடுத்துவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னது அந்த அம்மா.

“ஸ்டேஷனாம் ஸ்டேஷனு! அது இவரு கூடப்பொறந்த தம்பிம்மா. ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் அந்தப் பரீட்சையே எழுதினாங்க. இப்ப பேச்சுவார்த்த கெடையாது.”

“ரேடியோவுல பேசறாரே?”

“அது பேச்சு இல்லியாம், ரிப்போர்ட்டாம்.”

விஷயம் இதுதான். தம்பி, தன் மனைவியின் ஊரோடு போய்த் தங்கிவிட்டவர். அவருடைய பெரிய மகள் நிக்காஹுக்குப் பத்திரிகையை நேரில் கொண்டுவந்து கொடுக்கவில்லை. செல்லில் படமாக அனுப்பியிருந்தார். ரோஜாப்பூ போட்ட படம். கேஸ் புக்கிங் மெசேஜுக்கும் யாரோ அனுப்பிய குட்மார்னிங்குக்கும் நடுவில் அது வந்து கிடந்தது. பாய் போகவில்லை. “செல்லுல அனுப்பிச்சா அது வெளம்பரம். நேர்ல வந்து கூப்புடணும்,” என்றாராம். சொந்த அண்ணனே வரவில்லையே என்று தம்பிக்குக் கோபம். அன்றைக்கு நின்ற பேச்சு நின்றதுதான். போன் எடுப்பதில்லை, போவதில்லை, வருவதில்லை. ஆனால் ரேடியோவில் யார் கூப்பிட்டாலும் பதில் கொடுத்தே ஆக வேண்டும், அது அவர்கள் வழக்கம். அதனால் தம்பி காலையில் எல்லோரையும் கூப்பிடுவது போலக் கூப்பிடுவார். அண்ணன் எல்லோருக்கும் கொடுப்பது போல எண்ணைக் கொடுப்பார். ஐஞ்சு மூணு. ஐஞ்சு நாலு. வானம் நன்றாக இருந்தால் ஐஞ்சு ஐஞ்சு. இரண்டு வீட்டிலும் அன்றைக்கு நாஷ்டா இறங்கும்.

எனக்குத் தலை சுற்றியது. என் மிஷின் சத்தத்தில் தம்பி குரல் கேட்கவில்லையென்றால், “கொஞ்சம் லேட்டா போடும்மா” என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே? சொல்ல மாட்டார். சொன்னால், ஏன் என்று நான் கேட்பேன். தம்பி குரல் வேண்டும் என்று வாய் விட்டுச் சொல்ல வேண்டிவரும். அதைச் சொல்வதற்குப் பதில் மனிதர் இந்தியாவில் விற்கிற ரேடியோ எல்லாவற்றையும் வரவழைத்து, என் மிஷினை ஜெயிக்கிற பட்டன் எதில் இருக்கிறது என்று வருஷக்கணக்காகத் தேடிக்கொண்டிருக்கிறார். எனக்குச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது. அன்றிலிருந்துதான் அவரை எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது.

மறுநாள் அந்தக் காலைக் கூட்டம் முடிகிற வரைக்கும் நான் மிஷினைப் போடவில்லை. புண்ணியம் செய்கிறோம் என்ற நினைப்பில் சும்மா உட்கார்ந்திருந்தேன். பாய் ஹெட்போன் வரப்போடு ஓடிவந்தார்.

“இன்னாமா, மிஷின் ஓடல?”

“கொஞ்ச நேரம் கழிச்சிப் போடலாம்னு பாய். நீங்க கேக்கறதுக்குத் தொந்தரவா இருக்குமேன்னு...”

“யாரு கேக்கறாங்க? நான் டெஸ்ட் பண்ணிக்கினு கீறேன்! சத்தம் இல்லாம இன்னாத்த டெஸ்ட் பண்றது? பேஜாரா போச்சு!”

மிஷினைப் போட்டேன். அவருக்குத் தம்பி வேண்டும், ஆனால் தம்பிக்காக உட்கார்ந்திருக்கவில்லை என்று காட்ட என் டக்டக்கும் வேண்டும். இந்த மாதிரி மனிதர்களை வைத்துக் குடும்பம் நடத்துகிற பெண்களுக்குச் சர்க்கார் ஏதாவது செய்ய வேண்டும்.

பிறகு ஒருநாள் தென்காசிக் குரல் வரவில்லை. பாய் பட்டன் மேல் பழியைப் போட்டார். மறுநாளும் வரவில்லை. வானத்தின் மேல் பழியைப் போட்டார். “போன்தான் ஒண்ணு பண்ணிப் பாருங்களேன்,” என்று அவர் மனைவி சொன்னபோது கண்ணை ஒரு நொடி மூடித் திறந்தார். அவ்வளவுதான், அந்தப் பேச்சு எங்கோ போய்விட்டது. ஆனால் கடையில் ஒரு ஆள் தாம்புக்கயிறு கேட்டதற்குத் தாழ்ப்பாளை எடுத்துக் கொடுத்தார். தேநீர் ஆறிக் கிடந்தது. தம்பிக்கும் வயசாகிவிட்டது, சர்க்கரை இருக்கிறது என்று அவர் மனைவி சொல்லியிருந்தது என் நினைவுக்கு வந்தது. எனக்கே கவலையாகிவிட்டது.

அடுத்த நாள் விடிகிறபோதே கரண்ட் இல்லை. ராத்திரி அடித்த காற்றில் லைன் மேல் எங்கோ கிளை விழுந்திருந்தது. மிஷினைப் போட வழியில்லாமல் வாசலைப் பெருக்கிக்கொண்டிருந்தேன். பாய் ரேடியோவைக் கார் பேட்டரியில் ஓட்டுவார், அதனால் அவர் அறையில் மட்டும் விளக்கு மினுங்கியது. திடீரென்று உள்ளேயிருந்து கத்தல்.

“மிஷின்காரம்மா! மிஷின நிறுத்து! நிறுத்தும்மா கொஞ்சம்!”

விளக்குமாற்றோடு அப்படியே நின்றுவிட்டேன். இத்தனை வருஷத்தில் அந்த மனிதர் என்னிடம் வாய் திறந்து கேட்ட முதல் விஷயம். அதுவும் ஓடாத மிஷினை நிறுத்தச் சொல்லி.

“கரண்டே இல்ல பாய்!” என்றேன்.

“பின்ன இன்னா சத்தம் இது? ஒரே கர்புர்னு வருது. தம்பி கூப்ட்டா கேக்காம பூடுமே!”

தம்பி என்று சொல்லிவிட்டார். சொன்னது அவருக்கே தெரிந்திருக்காது.

அப்போதுதான் பார்த்தேன். கடைக்கு எதிரே ஒரு கார் நின்றிருந்தது. மண் படிந்த கார், கூரையில் நீளமாக ஒரு கம்பி. முன் சீட்டில் பாயையே கொஞ்சம் சுருக்கி வைத்த மாதிரி ஒருவர். முடியில் அதே வரப்பு. கையில் மைக். பக்கத்து சீட்டில் ஒரு தட்டு, தட்டில் பழம், அதன் மேல் பத்திரிகை. அவர் மைக்கில் எதையோ திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். கண்ணாடி வழியாக உதடு அசைவது தெரிந்தது.

கிட்டப் போய்த் தட்டினேன். கண்ணாடி இறங்கியது.

“இன்னா சார், வூட்டு வாசல்ல வந்து நின்னுக்கினு ரேடியோவுல பேசறீங்க? கதவத் தட்டக் கூடாதா?”

“தட்டினா தொறப்பாரோ மாட்டாரோ. ரேடியோல கூப்ட்டா பதில் குடுத்தே ஆவணும்.” பக்கத்து சீட்டிலிருந்த தட்டைக் காட்டினார். “சின்னவளுக்கு நிக்காஹ். ரெண்டு நாளா தெக்கேருந்து ஒவ்வொரு வீடா நேர்ல போய்க் கூப்ட்டுக்கினே வர்றேன். அண்ணன் வூட்டாண்ட வந்து அரை மணி நேரமாக் கூப்புடுறேன். பதிலே இல்லம்மா. இன்னும் கோவந்தான் போல.”

எனக்கு ஏனாத்தூர் பையன் ஞாபகம் வந்தது. விளக்குமாற்றைப் போட்டுவிட்டு உள்ளே ஓடினேன்.

பாய் ஹெட்போனைக் கழற்றி எறிந்துவிட்டு, ஒலிபெருக்கியில் காதை வைத்துக்கொண்டிருந்தார். என்.பி. பட்டன் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. இரண்டு நாளாகக் கேட்காத குரலைத் தேடி, அதைக் கடைசி வரைக்கும் திருகி வைத்திருந்தார். கர்புர் என்று பெட்டிக்குள் ஏதோ நொறுங்கிக்கொண்டிருந்தது. “பாத்தியா, எவன் வூட்டு சத்தமோ...” என்று என்னிடம் ஆரம்பித்தார்.

நான் கையை நீட்டிப் பட்டனை அணைத்துவிட்டேன்.

“...ண்ணே, நேர்ல வந்து கூப்புடுறேன். கேக்குதாண்ணே? நேர்ல வந்து கூப்புடுறேன்.”

அறை முழுக்க அந்தக் குரல்தான். பாய் ஒலிபெருக்கியைப் பார்த்தார், பட்டனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். இது எவ்வளவு கிட்டத்தில் இருந்தால் இவ்வளவு பலமாக வரும் என்று அவருக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. மைக்கை எடுத்தார். பழக்கத்தில், “உங்க சிக்னல்...” என்று ஆரம்பித்தார். “உங்க சிக்னல் ஐஞ்சு...” அதற்கு மேல் வரவில்லை. மைக்கை மேசை மேல் வைத்துவிட்டு, கைலியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, கயிறும் வாளியும் தட்டிவிட வாசலுக்கு ஓடினார். நான் அறையிலேயே நின்றேன். வெளியே அவர் கத்தியது பஜார் முழுக்கக் கேட்டிருக்கும்.

“டேய்! நடுத்தெருவுல ஒக்காந்துக்கினு இன்னாத்துக்குடா பேட்டரிய தீக்கற? உள்ள வாடா!”

தம்பி பதற்றத்தில் மைக்கைக் கீழே வைக்கவில்லை போலிருக்கிறது. “ரோஜர்ண்ணே” என்றார். அது தெருவிலிருந்தும் கேட்டது, பெட்டிக்குள்ளிருந்தும் கேட்டது. பின்னால் ஒரு டக் கூட இல்லை.